பேர் சொல்லி

எங்கள் ஆச்சியின் ஜெபத்தில் பேர்கள்தான் அதிகம். சாத்தான்குளம், நாசரேத் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் ஜெபம் பண்ணக் கேட்டவர்களுக்கு அந்த ராகம் தெரிந்திருக்கும். பழைய வேதாகமத் தமிழும் பெருமூச்சும் கலந்து ஏறி இறங்கும்; நடுவே கொஞ்சம் பிரசங்கமும் தலைகாட்டும். ஆச்சியிடம் அந்த அலங்காரம் கிடையாது. ரேஷன் கடையில் கார்டு வாசிப்பதுபோல ஒவ்வொரு பேராகச் சொல்வாள், பேருக்கு ஒரு வரி. மெட்ராசில் அலைகிற மாமாவுக்கு வேலை. கீழத்தெரு அத்தை மகளுக்குச் சுகப்பிரசவம். கோவில்பிள்ளைக்கு முழங்கால் வலி. பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பவருக்கு 'ஏதாவது ஒரு வழி'. கடைசியாகப் பேரன் பேத்திகள், வயது வரிசைப்படி. எங்கள் பேர் வரும்வரை கண்ணை இறுக மூடியிருப்போம். வந்ததும் அரைக்கண் திறந்துகொள்ளும்.

எங்களுடையது மிஷன் காலத்தில் உண்டான ஊர். 1799-இல் முதலூரில் தொடங்கிய கதை அது. சபையில் சேர்ந்ததற்காக அடிபட்டவர்களையும் குடிசை பறிபோனவர்களையும் சேர்த்துக்கொண்டு தாவீது சுந்தரானந்தம் தேரி மணலில் ஓர் ஊரை உண்டாக்கினார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், அப்படி விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே 1830-இல் தர்ம சங்கம் ஆரம்பித்தார். அந்த ஊர்களில் காலையும் மாலையும் மணியடிக்கும். உபதேசியார் வாசிக்க, பனையேறிகள் உட்கார்ந்து கேட்பார்கள். மரியாதையாகக் கூப்பிட ஆளில்லாத அந்த மக்களின் பேரையும் தகப்பன் பேரையும் மை தொட்டு எழுதிவைத்த முதல் நோட்டு, எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பதிவேடாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆச்சிக்குப் பேர் முக்கியமானது அங்கேயிருந்து வந்ததோ என்னவோ.

தாத்தா உபதேசியாராக இருந்தவர். அவர் விட்டுப்போன பழைய ஜெபபுத்தகத்தில் சங்கீதங்கள் மாதத்தின் நாட்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. நூற்றைம்பதையும் காலை, மாலை என்று முப்பது நாளில் வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆச்சி அதை விடாமல் கடைப்பிடித்தாள். வீட்டில் காலண்டர் பார்க்காமலே தேதி சொல்லிவிடலாம். 22-ஆம் தேதி மாலை என்றால் ஆச்சியின் குரல் உயரும். அன்றைக்கு 109-ஆம் சங்கீதம். எதிராளியின் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று கேட்கிற சங்கீதம் அது. இந்தக் காலத்துச் சபைகளில் அதை வாசிக்கச் சங்கடப்படுகிறார்கள். ஆச்சிக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவளுக்கு எதிராளி இருந்தார்.

தாத்தாவின் தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. தேரியோரத்துப் பனங்காட்டில் யாருக்கு எத்தனை மரம் என்பதில், தாத்தா இறந்த வருஷமே தகராறு வந்தது. விதவையாகிவிட்ட மதினிக்கு மரம் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். பதநீர் இறக்கும் காலம் வந்ததும் தன் ஆட்களை ஏற்றிவிட்டார். ஆச்சி ஸ்ரீவைகுண்டம் முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள். வாய்தா வாய்தாவாகப் பஸ் ஏறிப் போனவள், எங்களுக்கு விவரம் தெரிந்த காலத்திலும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குத்தான் போனார்கள். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் ஆச்சி. அசனப் பண்டிகையன்று ஊரே வரிசையாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும்போது, இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் விழாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் அம்மாவின் பொறுப்பு. நற்கருணைக்குப் போகும் வரிசையிலும் அப்படியே. பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது ஆச்சியின் வாய் அசைகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். சில வாரம் அசையும், சில வாரம் அசையாது.

பிறகு எப்போதோ, சின்னத் தாத்தாவின் பேர் சாயங்கால வரிசையில் வந்துவிட்டது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு நாள் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். முதலில் வந்தபோது அது வேண்டுதல் மாதிரியே இல்லை, புகார்: அவன் கண்ணைத் திறந்துவிடும், அவன் செய்த அநியாயத்தை அவனுக்கே காட்டும். அதற்கு ஆச்சி அழுத்தமாக ஓர் 'ஆமென்' வேறு போடுவாள். பிறகு அந்த வரி மாறத் தொடங்கியது. ஒரு மழைக்காலத்தில் அவருடைய இளைப்பு நோய் உள்ளே வந்தது. அடுத்து, வரன் அமையாமல் தள்ளிப்போகும் அவர் மகள். அப்புறம் கண்ணைத் திறப்பது காணாமலே போய்விட்டது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தே, நாளைக்குக் கோர்ட்டுல எதிர்ல நிக்கப்போற ஆளு. அவருக்குப் போயி ஜெபமா?" என்று கேட்டாள்.

ஆச்சி பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நானா வேணும்னு செய்யுதேன்? பேரச் சொல்லிட்டா சும்மா விட முடியல. அவனுக்கு என்ன வேணும்னு யோசிக்க வேண்டியதாப் போவுது."

இந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பிரசங்க மேடையில் மன்னிப்பை எப்போதும் ஒரு தீர்மானமாகவே சொல்கிறார்கள்: முடிவெடு, கசப்பை விடு, கைகுலுக்கு. ஆச்சி எந்த முடிவும் எடுக்கவில்லை. தினமும் ஒரு பேரைக் கர்த்தருக்கு முன் கொண்டுபோனாள். அந்தப் பேருக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற ஒரு மனுஷனும் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் இருப்பது அங்கே வைத்துத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பகைக்கு எதிராளி மொத்தமாக இருந்தால் போதும். ஜெபத்துக்கு விவரம் வேண்டியிருக்கிறது.

அவள் வழக்கை வாபஸ் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் சாட்சியாகச் சொல்லும் சித்தப்பா ஒருவர் அந்தப் பகுதியை விழுங்கிவிடுவார்; ஆச்சி மரங்களை விட்டுக்கொடுத்தாள் என்றே அவர் கதை முடியும். அப்படி நடக்கவில்லை. தீர்ப்பு ஆச்சி பக்கம் வந்தது. தன் பங்கு மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு சின்னத் தாத்தா படுக்கையில் விழுந்தபோது, சாயங்காலங்களில் தூக்குச்சட்டியில் கருப்பட்டிக் காப்பி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். துணைக்கு நான். முதல் நாள் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகொரு நாள், இளைப்புக்கு நடுவே, "மதினி... மரம்..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"மரம் எனக்கு. ஜெபம் ஒனக்கு. காப்பியக் குடி" என்றாள் ஆச்சி.

அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. சிரிப்பு இருமலாகி, அதை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

நான் நர்சிங் படித்தேன். பாளையங்கோட்டையில் விடுதி வாழ்க்கை, பிறகு அரசு மருத்துவமனை வேலை. ஜெபம் உண்டு, ஆனால் ஆச்சியின் ஜெபம் மாதிரி இல்லை. பரீட்சை, போஸ்டிங், மாற்றல், கல்யாணம் என்று கேட்டேன்; பெரும்பாலும் கிடைத்தது; நன்றி சொன்னேன். கேட்டதைக் கொடுப்பவர் என்பதற்கு மேல் ஆண்டவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று ஸ்கேன் சொல்லும்வரை அது போதுமானதாகவும் இருந்தது.

அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவருக்காகச் சபை ஜெபித்தது. சொந்தக்காரர்கள் உபவாசம் இருந்தார்கள். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அம்மா அவரைக் கூட்டிப்போனாள். மேடையிலிருந்தவர், சுகம் கிடைக்காதவர்கள் மறைவான பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடம் மறைவாக என்ன இருந்துவிட முடியும்? சம்பளக் கவரைக்கூட அம்மாவிடம் பிரிக்காமல் கொடுக்கிற மனுஷர். அந்த மேடைப் பேச்சை இன்றைக்கும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யோபுவின் நண்பர்கள் சொன்னதும் அதைத்தான்: நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபப்படுவது அவர்கள் மேல்தான், கத்திக் கதறிய யோபுவின் மேல் அல்ல.

எங்கள் ஜில்லாவில் டோனாவூர் அம்மாவின் கதை எல்லாருக்கும் தெரியும். ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தில் சிறுபிள்ளையாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார். விடியற்காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிற்பாடு இங்கே பிள்ளைகளைக் காப்பாற்றச் சேலை கட்டிக்கொண்டு போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லி, 'இல்லை' என்பதும் ஒரு பதில் என்று முடிப்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். அவர் எழுந்து நடக்கவும் ஜெபித்தார்கள். அந்தக் கதைக்கு ஞாயிறு பள்ளியில் இடமில்லை, ஏனென்றால் அதற்கு நீலக் கண் கதை மாதிரி முடிச்சு அவிழ்வதில்லை. அப்பா படுத்திருந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது கதை.

அப்பாவே ஒரு கட்டத்தில் சுகம் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் ஜெபத்தில் அம்மாவின் குடும்பப் பென்ஷன் காகிதங்கள் வந்தன. ஊசி போடும்போது நரம்பு கிடைக்காமல் கை நடுங்குகிற பயிற்சி டாக்டர் பையன் வந்தான். அந்தப் பையனின் பேரையும் ஊரையும் கேட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அவனிடம், "தம்பி, இன்னைக்கு ஒங்களுக்கு ஒரே குத்துல கெடைக்கும், சொல்லி வச்சிருக்கேன்" என்றார். கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில் கிடைத்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆச்சியின் மகன்.

அவர் போன பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, வார்த்தை வரவில்லை. முழங்கால் போட்டால் அப்படியே இருந்துவிட்டு எழுந்திருப்பேன். வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பழைய ஜெபபுத்தகம் அகப்பட்டது. எனக்கென்று வார்த்தை இல்லாததால், எழுதி வைத்திருந்ததை வாசிக்க ஆரம்பித்தேன். 17-ஆம் தேதி காலையில் 88-ஆம் சங்கீதம் வந்தது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் அநேகமாக எங்காவது ஒரு திருப்பம் வந்து துதியில் போய் நிற்கும். இதில் அது வரவே இல்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, கடைசிவரை இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆச்சி மாதாமாதம் இதை வாசிக்க நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். காதில் விழவில்லை.

இப்படி ஒரு பாட்டைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிற கடவுள் யார் என்று யோசித்தேன். தனக்கு எதிரான குற்றச்சாட்டை, பதிலும் சேர்க்காமல், தன் ஜனங்கள் காலையில் வாசிப்பதற்கென்று பாதுகாத்து வைத்திருக்கிறார். அவரிடம் பேச நான் தேறி வரவேண்டிய அவசியமில்லை. அப்பாவின் சாவுக்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் விளக்கம் தராமலே பக்கத்தில் இருக்கிற ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. அறிவது என்றால் இதுதானோ என்று தோன்றியது. ஒருவரைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அவர் பேசாமல் இருக்கும்போதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க முடிவது வேறு.

வார்த்தை திரும்பி வந்தது வார்டில். நைட் டியூட்டியில் இரண்டு மணிக்கு மேல் ஒரு சுற்று வருவோம். டிரிப் பார்க்க, டெம்பரேச்சர் பார்க்க. அப்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் மனதுக்குள் ஒரு வரி சொல்லலாம் என்று தோன்றியது. ஆரம்பித்ததுமே சிக்கல். எங்கள் பேச்சில் நோயாளிக்குப் பேர் கிடையாது. 'பதினாலு வலிங்குது', 'ஒம்பது டிஸ்சார்ஜ்', இப்படித்தான். பதினாலுக்காக எப்படி ஜெபிப்பது? கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பேர் பார்த்தேன். பேர் பார்த்தால் ஊர் தெரிந்தது. ஊர் தெரிந்தால் காலையில் பேச்சுக்கொடுக்க முடிந்தது. பேசினால், அந்தம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாததும் பல் செட் வீட்டிலேயே தங்கிவிட்டதும் தெரிந்தது. இதெல்லாம் பெரிய ஆவிக்குரிய அனுபவமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பல் செட் வந்தது, சாப்பிட்டாள்.

உடன் வேலை பார்த்த ஒரு சிஸ்டர், சகோதரர் லாரன்ஸைப் பற்றிய சிறு புத்தகம் தந்தார். போரில் காயப்பட்ட சிப்பாயாக இருந்து, பாரிசில் கர்மேல் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்து, 1691-இல் இறந்தவர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கோவிலில் முழங்கால் போட்டிருக்கும்போது இருக்கிற அதே அமைதி தனக்கு உண்டு என்பது அவர் அனுபவம். நல்ல புத்தகம். ஆனால் எனக்கு அவரோடு ஒரு சின்ன வழக்கு உண்டு. சட்டி பானை அலறாது. வார்டில் அந்த அமைதி எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. ஜெபித்த நாட்களில் அலறல் முன்னைவிட அதிகமாகவே காதில் விழுந்தது.

போலீஸ் கொண்டுவந்து சேர்த்த ஒரு பெரியவர் இருந்தார். பக்கவாதம், பேச்சு இல்லை. பதிவேட்டில் 'பெயர் தெரியாத ஆண், சுமார் 60' என்று இருந்தது. அவர் கட்டிலருகே வந்தால் என் சுற்று தடைப்படும். பேரில்லாமலும் ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத்தான் போதவில்லை. ஆயாம்மாவிடம் சொன்னேன். அவள், "கேட்டாப் போச்சு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஜில்லாவில் ஒரு ஆம்பிளைக்கு வைக்கக்கூடிய பேரையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். சாமி பேர், முப்பாட்டன் பேர், சினிமாக்காரர் பேர், துலுக்கப் பேர், வேதக்காரர் பேர். வேலைக்கு நடுவே, பல நாளாக. ஒரு மத்தியானம் ஒரு பேருக்கு அவர் இடது கை கட்டிலை இரண்டு தடவை தட்டியது. அதன் பிறகு ஊர் பேர்கள். அந்த ஊரிலிருந்து மகன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பேரை இங்கே எழுதவில்லை, மற்றவர்கள் பேரை எழுதாத காரணத்தினால்தான். என்னிடம் அவை வேறொரு காரியத்துக்காகத் தரப்பட்டவை.

யோபு புத்தகத்தில் நான் வெகுகாலம் கவனிக்காத இன்னொரு இடமும் உண்டு. தன்னைக் குற்றவாளியாக்கிய அதே நண்பர்களுக்காக யோபு வேண்டிக்கொள்கிறார். அவர் நிலைமை மாறுவதை அந்த வேண்டுதலையொட்டித்தான் புத்தகம் சொல்கிறது. அன்றைய மேடைக்காரரின் பேர் எனக்குத் தெரியும். போஸ்டர் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்களே. அதை என் வரிசையில் சேர்க்க எனக்கு வெகுநாள் மனசு வரவில்லை. இப்போது இருக்கிறது. இன்னும் புகாராகத்தான் இருக்கிறது. 109-ஆம் சங்கீதத்திலிருந்து ஆச்சி எவ்வளவு தூரம் நடந்தாள் என்று தெரிந்திருப்பதால் நான் அவசரப்படவில்லை.

அந்த ஆயாம்மா கிறிஸ்தவள் இல்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கும் கொடைக்குச் சுடலைமாடனுக்கும் லீவு போடுகிறவள். பெரியவர் போன பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "ஒங்க நோட்டுல எம் மவன் பேரயும் எழுதிக்கிடுங்க சிஸ்டர். பிளஸ் டூ. சகவாசம் சரியில்ல" என்றாள். என்னிடம் நோட்டு ஒன்றும் கிடையாது; அவளுக்காகவே ஒன்று போட்டேன். ரிசல்ட் வந்தது. பையன் கணக்குப்பதிவியலில் போய்விட்டான்.

ஆறுதல் சொல்ல என்னென்னவோ யோசித்து வைத்துக்கொண்டு போனேன். அவள் கேட்கவே இல்லை. பெட்பேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அது கெடக்கு, அட்டெம்ட்டுல எழுதுவான். ஒருத்தங்க ஒம் பேரச் சொல்லி தெனமும் கேக்காங்கன்னு அவங்கிட்ட சொன்னேன். நம்பல. ஆனா ராத்திரி நேரத்தோட வூட்டுக்கு வாரான். பேர எடுத்துராதீங்க."

எடுக்க மாட்டேன் என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். பிறகு இன்னொரு பேர் சொன்னாள். பதினோரு வருஷத்துக்கு முன் அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போன அவள் புருஷன் பேர்.

"அவருக்கு என்னன்னு கேக்கணும்?" என்றேன்.

"அத இன்னும் யோசிக்கல சிஸ்டர். பேர மட்டும் எழுதுங்க" என்றாள்.